பதினோரு மணிக்கு மேல்

"ராத்திரி பதினோரு மணிக்கு மேல விடுதியை விட்டு வெளிய போகக்கூடாதுன்னு விதி போட்டது யாரு?" என்று கேட்டார் கல்லூரி ஃபுட்பால் பயிற்சியாளர் பர்செல். அறைக்குள்ளும் அவர் கருப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"நீங்கதான், கோச்," என்றான் டேவியன்.

"நேத்து நடுராத்திரி பார் வாசல்ல, தள்ளாடின குடிகாரன் ஒருத்தனை நீ உன் கார்ல ஏத்தினதை வாட்ச்மேன் பாத்திருக்கான். நம்ம டீம் தொப்பியால அவன் மூஞ்சி மறைஞ்சிருந்ததாம். எவன் அவன்?"

சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்து ஆளெடுக்கத் தொழில்முறை அணிகளின் ஆட்கள் வருகிறார்கள். அன்று ஆடாவிட்டால், அலபாமாவில் டேவியனின் அப்பா வேலை பார்க்கும் கோழி ஆலைதான் அவனுக்கும்.

"பேரைச் சொல்லு, நீ ஆடலாம். குடிகாரனுக்கு என் டீம்ல இடமில்ல."

"வேண்டாம் கோச், விட்டுடுங்க."

"பெரிய தியாகின்னு நினைப்பா? சனிக்கிழமை பெஞ்சுல உக்காரு. வெளிய டிவிக்காரங்க நிக்கறாங்க, இப்பவே போய்ச் சொல்லிடறேன்." எழுந்தவர் பாக்கெட்டைத் தடவினார். "சே, கார் சாவியையும் காணோம். காலையில பொண்டாட்டிதான் என்னைக் கொண்டுவந்து விட்டா."

டேவியன் தன் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"கார் பார் பின்னாலதான் நிக்குது, கோச். வந்து கூட்டிட்டுப் போடான்னு எனக்கு ஃபோன் பண்ணீங்களே, ஞாபகமில்லையா?"

பர்செல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"யார் கூப்பிட்டா என்ன? பதினோரு மணிக்கு மேல வெளிய போனியா, இல்லையா?"