நாற்பது பவுண்டு மிச்சம்

“படி. கண்ணாடி வேணும்னா என்னோடதைப் போட்டுக்க.”

வெண்டல் எடைச்சீட்டை நண்பர் ட்வேனின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

பிக்கப் லாரியின் பின் அச்சின் மேல் 6,960 பவுண்டு. கதவோரத்தில் கம்பெனி ஒட்டியிருந்த வரம்பு 7,000.

நாற்பது பவுண்டு மிச்சம்.

சிவப்பு பிக்கப்பை எடைமேடையிலிருந்து இறக்கி ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். பின்னால் இரண்டே சக்கரம். அதன் முதுகில் கழுத்தைச் சாய்த்தபடி முப்பத்தெட்டு அடி வண்டிவீடு. பிக்கப், ஒரு வாரம் இழுத்துப் பாருங்கள் என்று வண்டிக் கடைக்காரன் கொடுத்தது. இன்று மத்தியானத்துக்குள் இதுவா, பின்னால் நான்கு சக்கரம் வைத்த வெள்ளையா என்று சொல்லிவிட வேண்டும்.

வெண்டல் எப்போதோ சொல்லியாயிற்று. ஒகலாலா ஊர்க் காப்பிக் கடையில், எட்டு ஆண்பிள்ளைகள் கேட்க: “ஆறு சக்கரம் பயந்தாங்கொள்ளிக்கு. நாப்பது வருஷம் சோள லாரி ஓட்டினவனுக்கு நாலு போதும்.”

அந்த எட்டுப் பேரில் ஆறு சக்கரம் வைத்திருந்தவர் ட்வேன் ஒருவர்தான்.

இப்போது ட்வேன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவ்ளோ பெரிய வீட்டை முதுகுல வெச்சுக்கிட்டு இது எப்படிடா சரியா வரும்?”

“நேத்து தண்ணித் தொட்டியைக் காலி பண்ணிட்டேன். அதுக்கெல்லாம் மூளை வேணும்.”

“உன் தொட்டி வீட்டுச் சக்கரத்துக்குப் பின்னாலயில்ல இருக்கு? அங்க காலி பண்ணா இந்தப் பக்கம் பாரம் ஏறும்டா, இறங்காது. சின்ன வயசுல சீசாப் பலகை ஆடினதில்லையா நீ?”

பிக்கப்பின் ஜன்னலிலிருந்து அர்லிஸ் தலையை நீட்டினாள்.

“தோத்தவங்க பேன்கேக் வாங்கித் தரணும்னு பேச்சு, ட்வேன். பேச்சை மாத்தாதே.”

“புருஷனுக்கு வக்கீல் வேற,” என்று சிரித்துக்கொண்டே ட்வேன் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உணவகத்தில் மேசை பிடிக்கப் போனார்.

வெண்டல் சிரிக்கவில்லை.

அந்தச் சீசாப் பலகை அவருக்குள் ஒரு தரம் மேலே போய்க் கீழே வந்தது.

போன செவ்வாய்க்கிழமையும் இதே மேடையில் நிறுத்தியிருந்தார். அர்லிஸ் இருக்கையில் இருந்தாள். இவர் உள்ளே போய்ச் சீட்டை வாங்கினார். 7,290. திரும்பி வந்து, “கச்சிதமா இருக்கு,” என்றார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். அப்புறம் அதை மறந்தே போனார்.

அவருடைய சட்டைகளைத் துவைப்பது அர்லிஸ்.

தன் மேல்கோட்டை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வண்டிவீட்டுக்குள் ஏறினார். ஊரில் இருந்த வீட்டை மே மாதமே விற்றாயிற்று. இனி இதுதான் வீடு. இதில் ஏற்றியதுதான் சொத்து. முன்பக்கம் எதை வைத்தாலும் அது நேரே பிக்கப்பின் முதுகில்தான் இறங்கும் என்று அர்லிஸுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவரேதான்.

படுக்கையறை முன்பக்கம். மூன்று படி.

கட்டிலுக்கு அடியில் அவருடைய பொருள்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. அப்பாவின் பட்டறைப் பிடிகருவி. ஈயக் குண்டு நிறைந்த தூண்டில் பெட்டிகள். பவுலிங் பந்துகள், மூன்று.

கட்டிலுக்கு எதிரே அவளுடைய அலமாரி. கதவைத் திறந்தார்.

ஒரு பக்கம் அவளுடைய கோட்டும் நான்கு உடைகளும் தொங்கின. மற்றபடி வெறும் பலகை.

மேல்தட்டில் ஒரு காகிதம் மட்டும் கிடந்தது. செவ்வாய்க்கிழமைச் சீட்டு. நான்காக மடித்த மடிப்பு அவருடையது. பின்பக்கத்துப் பென்சில் எழுத்து அவளுடையது.

தையல் மெஷின் 41. ஒட்டுத்துணிப் பெட்டி நான்கு, 172. இரும்புச் சட்டிகள் 66.

குளியலறைத் தராசில் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து நிறுத்திருக்கிறாள்.

கடைசி வரி: அம்மாவின் தட்டுகள் 79. அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பிறகு அந்தக் கேள்விக்குறியின் மேல் ஒரு கோடு.

சனிக்கிழமை தேவாலயத்தில் பழைய பொருள் விற்பனை. அன்று முழுக்க வெண்டல் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வந்தபோது அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “வயசாகுதுல்ல,” என்றாள். “எனக்கு ஆகலியே,” என்று கேலி செய்தார்.

சீட்டை எடுத்துக்கொண்டு அலமாரிக் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.

வெளியே வந்து பிக்கப்பின் ஜன்னலோரம் நின்றபோது இரண்டு சீட்டும் கையில்தான் இருந்தன. ஒளிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“வெள்ளையையே எடுத்துக்கலாம், அர்லிஸ். ட்வேன்கிட்டயும் அந்தக் கடைக்காரன்கிட்டயும் நானே சொல்லிடறேன். ஆறு சக்கரம். இன்னும் ரெண்டாயிரம் பவுண்டு தாங்கும்.”

அர்லிஸ் பென்சில் எழுத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“எதை ஏத்த?”