உறவு முறை

அவன் சொன்ன போன் எண்ணின் எட்டாவது இலக்கத்தை எழுதும்போது, ஸ்டேஷன் ஏட்டம்மாவின் பேனா நின்றது.

பக்கத்தில் புகார் மனு கிடந்தது. அதன் அடியிலும் இதே எண்தான். புகார் கொடுத்த ஜெபமணி டீச்சரின் எண்.

"ஏல, உன் சொந்தக்காரங்க நம்பரக் கேட்டேன்."

சுடலைமணி தரையில் உட்கார்ந்திருந்தான்.

"மனப்பாடமாத் தெரிஞ்சது இது ஒண்ணுதாம்மா. சாரை வீல்சேர்ல வெளிய தள்ளிட்டுப் போகும்போது மூச்சுத் திணறினா, யார்கிட்டயாவது போன வாங்கிக் கூப்பிடணும்னு டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க."

பதினோரு வருடம் அந்த வீட்டில் இருந்தவன். படுக்கையில் விழுந்த டீச்சரின் கணவரைக் குளிப்பாட்டித் துடைத்தவன். கல்லறைத் தோட்டம் வரை பெட்டியைச் சுமந்தவன்.

இப்போது டீச்சரின் வளையல் இரண்டைக் காணவில்லை.

காலையிலிருந்து அவன் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இடது பாதம் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது.

கைது செய்தால் அவனுடைய ஆள் ஒருவருக்குச் சொல்லியாக வேண்டும். அது சட்டம். படிவத்தில் அதற்கு மூன்று கட்டங்கள். பெயர். போன் எண். உறவு முறை.

"யாரும் இல்லன்னு எழுதிட்டு வேலையப் பாருங்க" என்றார் எஸ்.ஐ.

அவள் அப்படி எழுதவில்லை. போனை எடுத்தாள்.

எஸ்.ஐ. சிரித்தார்.

"திருட்டுக் குடுத்த வீட்டுக்கே தகவலா? வெத்தல பாக்கு வச்சுச் சொல்லுங்க ஏட்டம்மா. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கேன்."

மணி அடித்து, எடுக்கப்பட்டது.

"டீச்சர், ஸ்டேஷன்ல இருந்து பேசுதேன். சுடலைமணியக் கைது பண்ணியிருக்கோம். சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டுபோவோம். அவனுக்குன்னு ஒருத்தர்கிட்டச் சொல்லணும். உங்களத்தான் சொல்லுதான்."

ஸ்பீக்கரில் அந்த வீட்டுச் சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது.

அவள் இணைப்பைத் துண்டிக்காமல் போனை மேசையில் வைத்தாள். பெயர் எழுதினாள். எண்ணை எழுதி முடித்தாள். மூன்றாவது கட்டம் மிச்சம் இருந்தது.

குனிந்து, அவன் காதோரம் கேட்டாள்.

"உறவு என்னன்னு போட?"

அவன் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அடி விழுந்தபோதெல்லாம் இறுகிக் கிடந்த வாய் மெல்லத் திறந்தது.

"நான் திருடுன வீடுன்னு போடுங்க."

எஸ்.ஐ. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். போன் அவர் கைக்குப் போனது.

"டீச்சர், கேட்டீங்கள்லா? எங்ககிட்டச் சொன்னது கோர்ட்ல நிக்காது. உங்க வீட்ல வச்சு உங்ககிட்டயே ஒத்துக்கிட்டான்னு எழுதிக்கிடுதேன். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். வீட்டு வேலைக்காரன் திருடினா ஏழு வருஷம் வரைக்கும் உண்டு."

அவன் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ஏட்டம்மாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. யாரை வேண்டினாளோ.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சர் தொண்டையைச் செருமினார்.

"என்ன சொன்னான்? எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"இப்பத்தானே டீச்சர் சொன்னான்!"

"வயசாயிட்டுல்லா. காது மந்தம்." குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "ஏட்டம்மாட்டச் சொல்லுங்க. உறவுக்கு, வீட்டுப் பிள்ளைன்னு போடட்டும்."

போன் வைக்கப்பட்டது.

எஸ்.ஐ. ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவள் எழுதினாள். வீட்டுப் பிள்ளை. சின்னக் கட்டம், எழுத்தை நெருக்கி எழுத வேண்டியிருந்தது.

எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது.

அவன் காதோரம் கேட்ட அந்தக் கேள்வியை அவள் டீச்சரிடம் கேட்கவே இல்லை.