ஏறுவரிசை

"பேசக் கூடாது. கண் ஜாடை கூடாது. மேஜைக்கு அடியில காலால இடிக்கவும் கூடாது!"

சீட்டுக்கட்டைக் கலைத்தபடியே சொன்னார் பல் டாக்டர். வாரம் ஒரு சாயங்காலம், தன் கிளினிக்கின் மாடியில் இந்த விளையாட்டுக் கூட்டத்தைக் கூட்டுவது அவர்தான்.

"அடடா, எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே! அவர் வாயைத் திறந்தே வருஷக்கணக்காச்சு" என்றாள் தோழி. எல்லோரும் சிரித்தார்கள்.

தோழியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்ததும் எப்போதும்போல் வீட்டுக்குத்தான் போயிருப்பாள். "நாலு சுவரையே பார்த்துக்கிட்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பே?" என்று, கூட வேலை பார்க்கும் இந்தத் தோழிதான் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

"ஒண்ணுலேருந்து நூறு வரைக்கும் சீட்டு இருக்கு. ஆளுக்கு அஞ்சு. உங்ககிட்ட இருக்கறது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஜோடியா சேர்ந்து, சின்னதுலேருந்து பெரிசு வரைக்கும் வரிசையாப் போடணும். முறையெல்லாம் கிடையாது, எப்போ தோணுதோ அப்போ போடலாம். ஒண்ணு தப்பினாலும் ரெண்டு பேருக்கும் தோல்வி" என்ற டாக்டர், "இங்க இதுவரைக்கும் ஒருத்தரும் ஜெயிச்சதில்லை" என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்.

கதவு திறந்தது.

"வாங்க வாங்க! நம்ம கட்டடத்து லிஃப்டைச் சரிபண்றவர் இவர். நான்தான் வரச் சொன்னேன். அந்தம்மாவுக்கு எதிர்ல உட்காருங்க."

சட்டைக் கையில் கிரீஸ் கறை. காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி, "வணக்கங்க" என்றார்.

"வணக்கம்." அவள் பார்வையை மேஜைமேல் இறக்கிக்கொண்டாள்.

"ஆள் லட்சணமா இருக்காரு" என்று காதைக் கடித்துவிட்டு அடுத்த மேஜைக்கு நழுவினாள் தோழி.

ஆட்டம் தொடங்கியது. அவர் ஆறு போட்டார். அவள் பதினான்கு. அடுத்த மேஜையில், "ஐயோ, என்கிட்ட முப்பது இருந்துச்சே!" என்று ஒரு கூச்சல்.

அவள் அவருடைய கட்டைவிரலையே பார்த்தாள். அது சீட்டின் ஓரத்தை வருடிக்கொண்டிருந்தால் இன்னும் நேரமிருக்கிறது. வருடல் நின்றால் போடப் போகிறார். அவள் மூச்சை இழுத்துப் பிடிக்கும்போதெல்லாம் அவரும் கையை எடுத்துக்கொண்டு அவளுக்கு வழி விட்டார்.

தனக்காக ஒருவர் எதிரில் காத்திருக்கிறார். காலையில் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. இந்த ஆட்டம் முடியாமலே இருந்தால் என்ன என்று தோன்றியது.

ஆளுக்கு ஒரு சீட்டு மிச்சம். அவளிடம் எழுபத்திரண்டு. போட்டுவிடலாம் என்று கையை நீட்டியவள், அவருடைய கட்டைவிரல் அசையாமல் நிற்பதைப் பார்த்தாள். கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

அவர் சீட்டை வைத்தார். எழுபத்தொன்று. அதன்மேல் அவள் தன் எழுபத்திரண்டை வைத்தாள்.

மாடியே கைதட்டி ஆர்ப்பரித்தது. "எப்படிங்க? ஒரே ஒரு நம்பர்தானே வித்தியாசம்!" என்று டாக்டர் வாயைப் பிளந்தார்.

"அவங்க விட்டுக்கொடுத்தாங்க."

"அவர் பொறுமையா இருந்தாரு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

கூட்டம் கலைந்தது. தோழி அவள் தோளை இடித்தாள். "இப்படி ஒரு பொருத்தம் தேடினாலும் கிடைக்காதுடி. போய்ப் பேசு."

"சும்மா இரு. மானத்தை வாங்காதே."

"நீ இப்படியே இருந்தா காலம் பூரா தனியாத்தான் இருப்பே." தடுப்பதற்குள் தோழி படிக்கட்டருகே போய் அவரை வழிமறித்துவிட்டாள். "சார், இவளோட போன் நம்பர் வேணும்னா தயங்காம கேளுங்க. இவளாத் தரமாட்டா."

அவர் தோழியைத் தாண்டி அவளைப் பார்த்தார்.

"நம்பரை மாத்திட்டியா?"

தோழி திகைத்துத் திரும்பினாள்.

பின்னாலேயே வந்திருந்த அவள் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டாள். "கோர்ட்ல நமக்கு விவாகரத்து ஆன அன்னிக்கே மாத்தணும்னுதான் நினைச்சேன்" என்றாள். "என்னிக்காவது ஒருநாள் கூப்பிடுவீங்கன்னு அப்படியே வெச்சிருக்கேன்."