கோணல் சிரிப்பு

“குழந்தை கடைசியா நல்லா இருந்தது எப்போ?”

மருத்துவர் இவோனி கேட்டது அது ஒன்றுதான்.

கட்டிலில் ஜூசேலியாவின் ஆறு வயது மகள் நயாரா படுத்திருந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. இடது கை அசைவில்லாமல் போர்வைமேல் கிடந்தது.

“இப்பத்தான் டாக்டர். பார்த்த உடனே தூக்கிட்டு ஓடி வந்தேன்.”

அது பொய்.

அன்று மதியம், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் வெந்த மீனோடு அக்கா எடிலேவுசா குடும்பம் வந்திருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அப்பா அர்லிந்து, சக்கர நாற்காலியில். இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியது ஒரு கையும், ‘ஆ’ என்ற சத்தமும்.

நயாராவின் கையிலிருந்து ரொட்டி நழுவியது. கடைவாயில் பழச்சாறு ஒழுகியது. ஏதோ சொல்ல வந்தாள், குழறியது. ஒரு பக்கமாகச் சிரித்தாள்.

“தாத்தா மாதிரியே பண்ணிக் காட்டுறா பாரேன், கழுதை,” என்றாள் அக்கா. அக்காவின் கணவர் வாயில் சோற்றோடு சிரித்தார்.

போன வாரம்தான் நயாரா இப்படிச் செய்து காட்டித் திட்டு வாங்கியிருந்தாள்.

அப்பா மேசையை ஓங்கித் தட்டினார். ‘ஆ, ஆ’ என்று திரும்பத் திரும்பத் தட்டினார். கண் கலங்கிவிட்டது.

பேத்தியின் கேலி அவரைச் சுட்டுவிட்டது என்று ஜூசேலியா நினைத்தாள். அக்கா எதிரில் தன் வளர்ப்பு சந்தி சிரிக்கிறது என்றும் நினைத்தாள்.

மகளின் கன்னத்தில் அறைந்தாள்.

“அம்மா,” என்றார் மருத்துவர், குரலை உயர்த்தாமல். “நேரத்தை வச்சுத்தான் எந்த மருந்து கொடுக்கலாம், எது கூடாதுன்னு முடிவு பண்ணணும். உண்மையச் சொல்லுங்க.”

“சாப்பிட உக்காந்தப்பவே,” என்றாள் ஜூசேலியா. “நடிக்கிறான்னு நினைச்சேன். அடிச்சேன். பாத்திரம் கழுவி முடிக்கிற வரைக்கும் சுவத்தைப் பாத்து நிக்க வச்சேன். அப்பறம் விழுந்துட்டா.”



மருத்துவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “சமீபத்துல சின்னம்மை போட்டுச்சா?”

“கார்னிவல் திருவிழா முடிஞ்ச கையோட, சில மாசம் முன்னாடி.”

“இது பக்கவாதம் மாதிரிதான் தெரியுது. பெரியவங்களுக்கு அது ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, வயசுனால வரும். குழந்தைங்களுக்கு வர்ற பக்கவாதம் வேற மாதிரி. அபூர்வமா சில பேருக்கு அம்மை இறங்கி மாசக்கணக்கு ஆனப்பறமும் மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கிடும். இவளுக்கும் அப்படி இருக்கலாம். ஸ்கேன்ல தெரியும்.”

“பொழைச்சுக்குவாளா?”

“பொழைச்சுக்குவா. சின்ன மூளை, வேற வழி தேடிக்கப் பாக்கும். அந்தக் கைதான் எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது.” அவர் ஜூசேலியாவின் தோளைத் தொட்டார். “உங்கள மட்டும் குத்தம் சொல்ல முடியாதும்மா. குழந்தைக்குப் பக்கவாதம் வரும்னு யாருக்குத் தோணும்?”

ஆறுதலாகத்தான் சொன்னார். ஜூசேலியா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த மேசையில் ஒருவருக்குத் தோன்றியிருந்தது.

மகளைச் சுவரோரம் நிறுத்திய கையோடு, அப்பாவின் நாற்காலியை அவர் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனதை அவள் மருத்துவரிடம் சொல்லவில்லை. “சின்னப் புள்ள, விளையாட்டுக்குப் பண்றா. மனசுல வச்சுக்காதீங்கப்பா” என்று சொல்லிக் கதவைச் சாத்தியதையும் சொல்லவில்லை. உள்ளே தட்டும் சத்தம் ஓயவேயில்லை. அக்கா பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடும்போது, அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அந்தக் கதவைத் தள்ளினாள். பாதிக்குமேல் திறக்கவில்லை.

தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாத மனிதர் நாற்காலியிலிருந்து இறங்கி, தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு வந்து கதவடியில் கிடந்தார். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

அவர் அவளைப் பார்க்கவில்லை. பேத்தியின் வாயைப் பார்த்தார். பிறகு தனக்கு மிஞ்சியிருந்த அந்த ஒரு கையைத் தூக்கித் தெருவைக் காட்டினார்.