தாழ்ப்பாள்

“சார், தாழ்ப்பாள்! தாழ்ப்பாளைப் போடணும் சார்!”

ஒளிப்பதிவாளர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். பதினோராவது டேக்கும் பாழ்.

சாத்திய கதவின் முன்னால், தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றிருந்தார் பெரியவர். “மன்னிச்சுக்குங்க தம்பி.”

“உங்க பொண்ணு வேற இனத்துல, வேற மதத்துல ஒருத்தனைக் கட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறா. ‘எனக்குப் பொண்ணே இல்ல’ன்னு சொல்றீங்க. கதவைச் சாத்தறீங்க. தாழ்ப்பாள் போடறீங்க. அவ்வளவுதானே?”

“வசனம் சரியா வந்துச்சா?”

“வசனம் பிரமாதம். கைதான் வரமாட்டேங்குது!”

ஜன்னல் வழியே விழுந்த வெயில் சுவரில் ஒரு முழம் ஏறிவிட்டது. ஆறு மணிக்கு வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். தாழ்ப்பாள் விழும் சத்தத்தில்தான் படத்துக்கு இடைவேளை. அது இல்லாமல் எப்படிப் போவது?

நாட்டில் நடிகர்களுக்கா பஞ்சம்? கேமராவையே பார்த்திராத இந்த மனிதரை எங்கிருந்தோ கூட்டிவந்தது இயக்குநர் அம்மாதான். கேட்டால், “இவர்தான் சரியா இருப்பாரு.” மூன்றாவது டேக்கிலேயே எல்லோரையும் கடித்துக் குதறுகிறவர், இன்று ஒருவரையும் திட்டவில்லை. கதாநாயகி தன் பகுதியை முடித்துக்கொண்டு மதியமே கிளம்பிவிட்டதால், அவளுக்குப் பதிலாக அவரே வாசலில் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“மேடம், ரெடியா?”

“ரெடி” என்றது கதவுக்கு வெளியே குரல்.

பன்னிரண்டு.

“எனக்குப் பொண்ணே இல்ல.” பெரியவர் கதவைச் சாத்தினார்.

“அப்பா... ஒரு நிமிஷம்ப்பா.”

அவர் விரல்கள் தாழ்ப்பாளைத் தொட்டன. அங்கேயே நின்றுவிட்டன.

ஒளிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார். “ஏன் சார், உங்க வீட்டுல தாழ்ப்பாளே கிடையாதா?”

“இருக்கு தம்பி. இப்பல்லாம் போடறதில்ல.”

“நல்ல வீடு, நல்ல ஆளு!” அவர் கதவைப் பார்த்துக் கத்தினார். “மேடம்! இந்த மனுஷனுக்குத் தாழ்ப்பாள் போடவே தெரியல. நாளைக்கு வேற ஆளைப் பாருங்க!”

கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

“அவருக்கு நல்லாவே தெரியும். ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி, நானும் என் வீட்டுக்காரரும் வாசல்ல நின்னப்ப, ஒரே டேக்குல போட்டாரு. இல்லையாப்பா?”