உள்ளங்கையில் கறுப்பாக ஒன்று

ஹொனலூலுவின் உச்சி வெயிலில், கிங் வீதி முனையில், போலீஸ்காரன் நைனோவா போவோர் வருவோரின் கண்களை வேவு பார்த்துக்கொண்டு நிற்கிறான். போனைப் பார்த்தபடி சாலையைக் கடந்தால் அபராதம் என்ற சட்டத்துக்கு இன்று முதல் நாள். பத்திரிகைக்காரர்களுக்குக் காட்ட சாயங்காலத்துக்குள் ஒரு குற்றவாளியாவது வேண்டும் என்று மேலதிகாரி சொல்லியிருக்கிறார். இதுவரை ஒரு குருவிகூட அகப்படவில்லை. போனைக் கையில் வைத்திருப்பது குற்றமில்லை, பார்ப்பதுதான் குற்றம். ஊரே கறுப்புக் கண்ணாடி போட்டுத் திரிந்தால் எவர் கண் எங்கே மேய்கிறது என்று அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? விளக்கு மாறுகிறது. அவன் படித்த பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்த ஓஷிரோ ஆன்ட்டி, குனிந்த தலையோடு கடக்கிறாள். உள்ளங்கையில் கறுப்பாக, பளபளவென்று, நீள்சதுரமாக ஏதோ ஒன்று. விசிலை ஊதிக்கொண்டு நடுச்சாலைக்கே பாய்கிறான்.

"ஆன்ட்டி, கையில என்ன? இப்படிக் குடுங்க."

"சோறு போட்ட கையையே சோதனை போடுறியாடா? முசுபிடா அது. பசிச்சா நேரா கேக்க வேண்டியதுதானே?"

முசுபியேதான்: பிளாஸ்டிக் தாளுக்குள் ஸ்பாம் என்ற டின் இறைச்சி வைத்த சோற்றுக்கட்டி, அதைச் சுற்றிக் கறுப்புக் கடற்பாசி. அப்படியும் அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை. வாங்கிப் புரட்டிப் பார்க்கிறான், எங்காவது வெளிச்சம் வருமோ என்று கட்டைவிரலால் அழுத்தியும் பார்க்கிறான். ஆன்ட்டி தலையில் அடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறாள். விளக்கு மறுபடி மாறுகிறது. நடுச்சாலையில் அவன் மட்டும், குனிந்த தலை நிமிராமல். பஸ் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டுகிறார்.

"யோவ் போலீசு, போனைப் பையில போட்டுட்டு நடய்யா! சட்டம் வந்திருச்சு, தெரியாதா?"