பச்சைப் பெயின்ட்

பரணில் கிடந்த பழைய வாக்குவம் கிளீனரைச் சற்குணம் கீழே இறக்கினார். துருவைச் சுரண்டி, வாங்கியபோது இருந்த அதே பச்சைப் பெயின்ட்டை அடித்தார். குரோம் வளையத்தை முகம் தெரிகிற வரை தேய்த்து, ஹாலில் கண்ணாடித் தட்டின்மேல் தூக்கி வைத்தார்.

வாக்குவம் கிளீனருக்குத் தலைகால் புரியவில்லை.

"டேய், விருந்தாளி வந்தா உன்னை ஒளிச்சு வைக்கிறாங்க. என்னை எங்க வச்சிருக்காங்கன்னு பாரு!" என்றது, கதவுக்குப் பின்னால் நின்ற துடைப்பத்திடம்.

துடைப்பம் அதன் வயிற்றுப் பக்கத்தை ஒரு தடவை பார்த்தது.

அன்று மத்தியானம் வந்த விருந்தாளியின் குழந்தை, மிக்சரைத் தரையெல்லாம் இறைத்தது. வாக்குவம் கிளீனர் ஆசை ஆசையாக மூச்சை இழுத்துப் பார்த்தது. வயிற்றுக்குள் எதுவும் அசையவில்லை. சற்குணம் ஓடிப்போய்த் துடைப்பத்தைத்தான் எடுத்து வந்தார்.

பெருக்கிக்கொண்டே பக்கத்தில் வந்த துடைப்பத்திடம், "எனக்கு என்ன ஆச்சு, அண்ணே?" என்று கேட்டது வாக்குவம் கிளீனர்.

"கனம் தாங்காம கண்ணாடி உடைஞ்சிரும்னு உன் மோட்டாரைக் கழட்டிட்டாரு. கோணிப்பையில என் பக்கத்துலதான் கிடந்துச்சு. 'நான் இன்னும் நல்லா ஓடுவேனே, ஓடுவேனே'ன்னு புலம்பிக்கிட்டே இருந்துச்சு. காலையில பழைய இரும்புக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்."

விருந்தாளி எழுந்து வந்து வாக்குவம் கிளீனரின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"அடடா, சற்குணம்! அன்னைக்கு வாங்கின மாதிரி அப்படியே இருக்கே!"